பழவேற்காட்டு மணலில் டயாந்தஸ் பூச்செடி

பழவேற்காடு ஏரியின் தென்கரையிலும், அவ்வேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலும் அமைந்துள்ள மீனவக் குப்பங்களில், வீட்டு முற்றத்திலே நாலு பூச்செடியாவது வைத்துப் போற்றவேண்டும் என்னும் விருப்பம் வெகு நாளாக இருந்து வருகிறது. கோயில் முன்றிலிலும், மாதா கோயில் வளாகத்திலும், பள்ளிக்கூடத்து வேலியோரத்திலும் மணலில் மண் கொட்டிப் பாத்தி கட்டியிருப்பதைக் காணலாம். இவ்விருப்பத்தின் பொருட்டுக் குளிர்காலந்தோறும் பொன்னேரி, சென்னை முதலிய இடங்களிலுள்ள நாற்றுப்பண்ணைகளிலிருந்து வாங்கிவரப்படும் செடிகளுள் டயாந்தஸ் ஒன்று. சிவப்பும் வெள்ளையும் ரோஜா நிறமுமாக, விளிம்பு கத்தரித்தாற்போன்ற இதழ்களுடன் பூக்கும் இச்செடி, தை, மாசி மாதங்களில் கண்ணுக்கு இனிதாக விளங்குகிறது. பல்லாண்டு நிற்கும் செடி என்று சொல்லி விற்கப்படுவதால், வாங்கியவர் அதனைக் கோடையிலும் காப்பாற்ற முயல்கின்றனர். சித்திரை பிறந்ததும் அடியிலைகள் காய்கின்றன. வைகாசியில் செடி முற்றும் மடிகிறது. இதற்கிடையே அதற்கு ஊற்றப்பட்ட நன்னீரோ அளவற்றது.

குடிநீர் அருமையான இக்கிராமங்களில் இந்நஷ்டம் சிறிதன்று. ஆகவே இச்செடியின் இயல்பு யாது, பழவேற்காட்டில் அது எக்காலத்தில் எம்முறையில் நன்கு வளரும், ஆண்டு முழுவதும் பூ வேண்டுவோர் அதற்குப் பதிலாக எச்செடிகளைக் கைக்கொள்ளலாம் என்பவை ஈண்டு விளக்கப்படுகின்றன.

செடியின் இயல்பு

டயாந்தஸ் என்பது ஒரு செடியின் பெயரன்று. ஒரு பெரிய பேரினத்தின் பெயர். இதில் ஏறத்தாழ 300 இனங்கள் உள. இவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள மலைச்சரிவுகளிலும் சுண்ணாம்புப் பாறை நிலங்களிலும் இயற்கையாக வளர்வன. கிரேக்க மொழியில் தேவமலர் எனப் பொருள்படும் சொற்களினின்று இப்பெயர் பிறந்தது. பூக்கடைகளில் நீண்ட தண்டுடன் விற்கப்படும் கார்னேஷன் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. ஐரோப்பியத் தோட்டங்களில் பல்லாண்டு நிற்கும் பிங்க் என்னும் குட்டையினங்களும், நம் நாட்டுச் சமவெளிகளில் குளிர்காலப் பூவாகப் பயிரிடப்படும் சைனா பிங்க் என்பதும் இதன் வேறு வகைகள். நாற்றுப்பண்ணைகளில் வெறுமனே டயாந்தஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சைனா பிங்க், அல்லது அதனோடு பிற இனங்களைக் கலந்து உண்டாக்கிய ஒட்டுவகையாகும்.

பல்லாண்டுச் செடி என்னும் சொல்லைக் குறித்து ஒரு விளக்கம் அவசியம். குளிர்நாடுகளில் பிங்க் செடி ஆண்டுதோறும் துளிர்த்துப் பூப்பது உண்மையே. ஆயினும் அங்கும் மூன்று, நான்கு ஆண்டுகளில் செடியின் நடுப்பாகம் கட்டையாகி வெறுமையடைகிறது. அதனால் தோட்டக்காரர் தண்டுகளைக் கிள்ளி நட்டோ, பதியன் போட்டோ புதுச் செடிகளை உண்டாக்கிக்கொள்கின்றனர். ஆகவே இச்செடியின் நீண்ட ஆயுள் பாதி அந்நாட்டுத் தட்பவெப்பத்தாலும் பாதி தோட்டக்காரரின் உழைப்பாலும் உண்டாவது. சைனா பிங்க்கோ இயல்பாகவே குறைந்த ஆயுளுடையது. சீட்டில் எழுதியிருப்பது கொண்டு ஒரு செடியின் ஆயுளை நிச்சயிக்கலாகாது. அது நடப்படும் ஊரின் கோடையே அதனை நிச்சயிக்கிறது.

நம் மாநிலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கார்னேஷன் பசுங்குடில்களில் பெருமளவில் பயிராவதன் காரணம் இதுவே. மலையின் குளிர்ந்த இரவு அங்கே விலையின்றிக் கிடைக்கிறது. கடற்கரையில் பசுங்குடில் அமைத்து யந்திரத்தால் குளிர்வித்துக் கார்னேஷன் பயிரிட எண்ணும் நிலக்காரர், மலைக்காரர் செலவின்றிப் பெறும் குளிர்ச்சியைத் தாம் மின்சாரம் கொடுத்து வாங்கவேண்டும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் டயாந்தஸ் தோட்டத்து அழகுக்கு உரியதேயன்றி, விற்பனைப் பயிராவதற்கு உரியதன்று. மாலைக்கும் சரத்திற்கும் இதனை வாங்குவாரும் அரியர்.

பழவேற்காட்டு நிலமும் நீரும்

பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கியாறும் இதில் வந்து கலக்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகி ஏரியின் உப்பு மிகக் குறைகிறது. கோடையிலோ நீர் ஆவியாகி, கடல்நீரினும் உப்பு மிகுவதுண்டு. இம்மாறுதல் ஏரியில் மட்டும் நிற்பதன்று. கரையோர நிலத்தின் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் தெரிகிறது.

கரையோர மணலில் கிடைக்கும் நன்னீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது நலம். மணலில் பெய்த மழைநீர் கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் எண்ணெய் நீரில் மிதப்பதுபோல் மிதந்து நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலே ஜெல்ட்ரியா கோட்டையை அமைத்தவர் டச்சுக்காரர். அவர் நாட்டைச் சேர்ந்த பாடன் கைபன் என்னும் பொறியாளரே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுண்மைக்கு ஒரு கணக்கு வகுத்தார். கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. இதன் மறுபுறம் கவனிக்கத்தக்கது. மேலேயுள்ள நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறி வரக்கூடும். ஆழக் குழாய் இறக்கி யந்திரத்தால் இறைப்பதால் ஊற்றுகள் உப்பாவதன் காரணம் இதில் அடங்கியுள்ளது.

மண்ணைப் பொறுத்தவரை, டயாந்தஸ் விரும்பும் தன்மைகள் இரண்டு இங்கே இயல்பாகவே அமைந்துள்ளன. ஒன்று, மணலானதால் நீர் விரைவில் வடியும். மற்றொன்று, மணலில் கிளிஞ்சல் ஓடுகள் கலந்திருத்தலால் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவில்லை. இச்செடிக்குச் சுண்ணாம்பு இடவேண்டும் என்று மேனாட்டு நூல்கள் கூறுவதைக் கொண்டு, சிலர் கிளிஞ்சல் சுண்ணாம்பை மேலும் பாத்தியில் இடுகின்றனர். இது பிழை. அம்முறை புளிப்பு மண்ணுக்கு ஏற்பட்டது. சுண்ணாம்பு ஏற்கனவே மிக்க மணலில் மேலும் அதனை இட்டால், மண்ணிலுள்ள இரும்புச்சத்து செடிக்கு எட்டாமற் போய், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்தளிர் வெளுத்துவிடும்.

கோடையில் செடி மடிவதன் காரணம்

மார்கழி, தை மாதங்களில் இக்கடற்கரையின் இரவு வெப்பம் 20, 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. இது டயாந்தஸ் செடிக்கு ஒருவாறு போதும். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 37, 38 டிகிரியைத் தாண்டுவதுடன், இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. செடி பகலில் சூரிய ஒளியால் உணவைச் சேர்க்கிறது. இரவில் அதில் ஒரு பங்கைச் சுவாசித்துச் செலவிடுகிறது. இரவு சூடாக இருந்தால் அச்செலவு பெருகும். பகற் சூடு மிகுந்தால் வரவு குறையும். இவ்வாறு வரவு சுருங்கிச் செலவு பெருகிய குடும்பம் போல, செடி தன் சேமிப்பை உண்டு தீர்த்துவிடுகிறது.

செடி வாடக் கண்ட தோட்டக்காரர் நீரை இருமடங்காக்குகின்றனர். சூடான ஈரமண், தண்டழுகல் நோயை விளைவிக்கும் பூஞ்சணங்களுக்கு மிகவும் உகந்தது. ஆகவே வெயிலால் தளர்ந்த செடியை நீர் அழுகச் செய்கிறது. இவற்றுடன் உப்பும் சேர்கிறது. அதன் அளவு எவ்வளவு என்பதைப் பின்வரும் கணக்கால் அறியலாம்.

நீர்க் கணக்கும் உப்புக் கணக்கும்

நாலடி அகலமும் பத்தடி நீளமும் உள்ள ஒரு சிறு பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 3.7 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் அது ஒரு லிட்டர். குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இப்பாத்திக்கு 15 லிட்டர், அதாவது ஒரு குடம் நீர் வேண்டும். கோடையில் 7 மில்லிமீட்டர் என்று கொண்டால் 26 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம் வேண்டும். மார்கழி முதல் பங்குனி நடு வரை நூறு நாளைக்கு நூறு குடம் போதுமாயிருக்க, பங்குனி நடு முதல் புரட்டாசி வரை அதே பாத்தியைக் காப்பாற்ற முந்நூறு குடத்திற்கு மேல் வேண்டும். இந்த முந்நூறு குடமும் ஊற்று வற்றும் காலத்திலே, பெரும்பாலும் பெண்கள் தலையிலும் இடுப்பிலும் சுமந்து வரவேண்டியவை. அப்படிச் சுமந்தும் அச்செடி பூப்பதில்லை.

இனி உப்பைக் கவனிப்போம். நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய நீரைக் கரையோரத்தவர் பலர் பழக்கத்தால் நல்ல நீர் என்றே கருதுவர். நாளொன்றுக்கு 26 லிட்டர் வீதம் நூறு நாள் ஊற்றினால் 2600 லிட்டர் நீர் ஆவியாகிப் போக, 2.6 கிலோ உப்பு அந்தப் பாத்தியிலேயே தங்கிவிடும். அவ்வளவு உப்பை எவரேனும் ஒரே நாளில் தம் பூச்செடிக்கு இடுவரோ? சிறிது சிறிதாக இடப்படுவதால் அது தெரிவதில்லை. இலை நுனி தீய்ந்தாற்போல் காய்வதும், மண்ணின் மேல் வெண்மை பூப்பதும் இதன் அடையாளங்கள். மணற்பாங்கான நிலத்தில் இவ்வுப்பைக் கழுவ வல்லது பருவமழையே. ஜிப்சம் இடுவது, சோடியம் மிகுந்து இறுகிய களிமண்ணுக்குப் பரிகாரமேயன்றி, மணலில் தங்கிய உப்புக்குப் பரிகாரமன்று.

நாக்கு பழகிவிடுமாதலால் சுவையைக் கொண்டு நீரைத் தேர்தல் கூடாது. வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையங்களில் நீரின் மின்கடத்து திறனை அளந்து அறியலாம். அது மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் குறைந்தால் எச்செடிக்கும் தயக்கமின்றிப் பாய்ச்சலாம். 0.7 முதல் 3 வரையில், எண் உயர உயரக் கவனமும் உயரவேண்டும். 3-க்கு மேற்பட்டால் அந்நீர் பூந்தோட்டத்திற்கு ஆகாது. முன் கூறிய லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீர் ஏறத்தாழ 1.5 அளவு காட்டும். டயாந்தஸ் செடிக்கு அதனை எல்லையாகக் கொள்ளலாம்.

சாகுபடி முறை

மேற்கூறியவற்றால், பழவேற்காட்டில் டயாந்தஸ் செடியை வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வந்து, கோடைக்கு முன் விடைபெறும் விருந்தாளியாகக் கொள்வதே தக்கது என்பது பெறப்படும். அம்முறையில் பயிரிட்டால் அது ஏமாற்றுவதில்லை.

இடம்:— காலை வெயில் தாராளமாகப் படும் இடமாகவும், பிற்பகலில் சுவரோ பூவரச மரமோ சிறிது நிழல் தரும் இடமாகவும் இருத்தல் வேண்டும். வாடைக்காற்றும் கடற்காற்றும் உப்புத்துளிகளைச் சுமந்து வருவதால், காற்று வரும் திசையில் பனையோலைத் தட்டி கட்டவேண்டும். பனையோலைக்கு இவ்வூரில் குறைவில்லை; அதைக்கொண்டு கூடை முடையும் கைத்தொழிலுக்குப் பழவேற்காடு பேர் பெற்றது. ஆடுகள் டயாந்தஸ் தளிரை விரும்பித் தின்னுமாதலால் வேலி நாற்புறமும் அவசியம்.

பாத்தி:— கார்த்திகை மாதத்தில் இரண்டடி ஆழக் குழி தோண்டிப் பார்த்தால், நிலத்தடி நீர் எவ்வளவு அருகில் ஏறி நிற்கிறது என்பது விளங்கும். குழியில் நீர் ஊறினால், அவ்விடத்தில் பாத்தியைத் தரைமட்டத்திற்கு மேல் முக்காலடி முதல் ஓரடி வரை உயர்த்தவேண்டும். பனைமட்டையோ, உடைந்த ஓடோ கொண்டு விளிம்பு கட்டலாம். மழையில் கழுவப்பட்ட மேட்டு மணல் இரண்டு பங்கும், நன்கு மட்கிய சாணஎரு ஒரு பங்கும் கலந்து நிரப்பவேண்டும். ஏரிக்கரையின் தாழ்ந்த சேற்றையோ, கோடையில் வெண்மை பூத்த மண்ணையோ சேர்த்தல் கூடாது. ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயமாதலின், அதன் கரையில் மணலும் கிளிஞ்சலும் தோண்டுவதும் முறையன்று.

எரு:— மீனவர் கிராமத்தில் மீன் கழிவுக்குக் குறைவில்லை. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. எனினும் இருவகை எச்சரிக்கை வேண்டும். கருவாடு போட்ட உப்புக் கழிவு எக்காரணத்தாலும் பாத்திக்கு வரலாகாது. உப்பிடாத பச்சைக் கழிவையும் அப்படியே புதைத்தால் வேர் வெந்துபோகும். நாயும் ஈயும் மொய்க்கும். ஆகவே அதனை ஒரு பங்குக்கு மூன்று பங்கு சருகு, உமி, சவுக்குத் தழை முதலியவற்றுடன் அடுக்கடுக்காகக் குழியிலிட்டு மண்மூடி, நான்கு மாதம் மட்கவிட்டபின் உபயோகிக்கவேண்டும். சித்திரையில் குழி நிரப்பினால் ஐப்பசிக்குள் எரு தயாராகிவிடும். பாத்தியில் சதுர அடிக்கு ஒரு கைப்பிடி போதும். மீன் எருவை மிகுதியாக இட்டால் இலை கொழுத்து, தண்டு நைந்து, பூ குறையும். தண்டழுகல் கண்ட பாத்தியாயின், எருவுடன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து இடுவது நலம்.

விதைப்பு:— புரட்டாசி இறுதி முதல் ஐப்பசி நடு வரை விதைக்கலாம். மழை நேரே விழாத தாழ்வாரத்தில், அடியில் துளையுள்ள தட்டங்களில் மணலும் மட்கிய எருவும் சமமாகக் கலந்து நிரப்பி, விதையைத் தூவி, அதன்மேல் விதை மறையும் அளவுக்கு மட்டும் மெல்லிய மணல் தூவவேண்டும். ஒரு கிராம் விதையில் ஏறத்தாழ 800 முதல் 1000 வரை விதைகள் இருக்கும். நாலடிக்குப் பத்தடிப் பாத்தியில் எட்டங்குல இடைவெளியில் 90 செடிகளே அடங்குமாதலால், கால் கிராம் விதையே போதும். ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். முளைத்தபின் தட்டத்தை வெளிச்சத்தில் வைக்கவேண்டும். இருட்டில் வைத்த நாற்று நெட்டையாகிச் சாய்ந்துவிடும்.

நடவு:— கனமழையும் புயலும் கடந்தபின் நடுவதே உத்தமம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயலைப் போலக் கார்த்திகை நடுவிலும் பெருமழை பெய்வதுண்டு. ஆகையால் கார்த்திகை இறுதியில் தொடங்கி மார்கழி முதல் வாரத்திற்குள் நடுதல் தக்கது. அதற்குள் மழை மணலின் உப்பைக் கழுவியிருக்கும். ஊற்று நீரும் இனிமையாயிருக்கும். நாற்றின் கழுத்துப்பாகம் மண்ணில் புதையாதபடி, தட்டத்தில் இருந்த ஆழத்திலேயே நடவேண்டும். கழுத்து புதைந்தால் அழுகல் அங்கேயே தொடங்கும்.

நுனி கிள்ளுதல்:— செடியில் ஐந்தாறு கணுக்கள் தோன்றியதும் நடு நுனியைக் கிள்ளிவிடவேண்டும். பக்கக் கிளைகள் எழுந்து, ஒன்றுக்கு ஆறாக மொட்டு விடும். பூ வாடியதும் விதை கட்ட விடாமல் அதன் காம்பை அவ்வப்போது கத்தரித்துவிட்டால், செடி மீண்டும் மீண்டும் பூக்கும். இதற்கு நாளொன்றுக்குச் சில நிமிஷங்களே ஆகும். பூக்காலம் நீடிப்பதற்கு எவ்வெருவினும் இதுவே பயன் தருவது.

நீர்:— காலையில் மட்டும், செடியின் அடியில் ஊற்றவேண்டும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்தபின் ஊற்றுவதே முறை. நாள்தோறும் சிறிது தெளிப்பதினும், இரண்டு நாளைக்கு ஒருமுறை நன்கு நனைய ஊற்றுவது மேலானது. அது உப்பை வேருக்குக் கீழே தள்ளும். அரிசி, காய்கறி கழுவிய நீரை உபயோகிக்கலாம். மீன் கழுவிய நீரில் உப்பு சேராதிருந்தால் அதையும் விளிம்பில் ஊற்றலாம். சோப்பும் சலவைத்தூளும் கலந்த நீர் ஆகாது. கடற்காற்று பலமாக வீசிய மறுநாட் காலையில் மட்டும் இலைமேல் நன்னீர் தெளித்து, படிந்த உப்பைக் கழுவிவிடவேண்டும்.

பூச்சியும் நோயும்:— அசுவினியும் செஞ்சிலந்தியும் இச்செடியைத் தாக்குவன. செஞ்சிலந்தி வறட்சியில் பெருகி இலையின் அடியில் நுண்ணிய வலை பின்னும். ஒரு லிட்டர் நீரில் 3 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படத் தெளித்தால் இரண்டும் கட்டுப்படும். ஒரு செடி பகலில் வாடி, நீர் ஊற்றியும் நிமிராவிடில், அதன் அடித்தண்டைப் பார்க்கவேண்டும். அது பழுப்பேறி மெத்தென்றிருந்தால், செடியை வேர்மண்ணோடு எடுத்து எரித்துவிட்டு, அண்டைச் செடிகளுக்கு மூன்று நாள் நீர் நிறுத்துவதே பரிகாரம்.

பூக்காலம் முடிந்தபின்

தை நடுவில் தொடங்கும் பூ, பங்குனி நடு வரை நிற்கும். மாசி இறுதியில் நல்ல நிறமுள்ள சில செடிகளைத் தேர்ந்து, அவற்றின் பூக்களை மட்டும் விதைக்கு விடவேண்டும். காய் பழுப்பாகி நுனி பிளக்கும் தருணத்தில் பறித்து நிழலில் உலர்த்தி, சாம்பலுடன் சிறு புட்டியில் இறுக மூடிவைத்தால், அடுத்த ஐப்பசிக்கு விதை தயார். ஒட்டுவகைகளின் விதை தாய்ச்செடியைப் போலவே பூப்பதில்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

சித்திரை பிறந்ததும் செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் சேர்த்துவிடலாம். இதில் இரக்கத்திற்கு இடமில்லை. மடியப்போகும் செடிக்கு முந்நூறு குடம் நீர் ஊற்றுவதைவிட, சிறு புட்டி விதையில் அதன் சந்ததியைக் காப்பது விவேகம். பாத்தியைச் சருகால் மூடி அடுத்த மழைக்கு விட்டுவைத்தால், அம்மழை உப்பைக் கழுவிப் பாத்தியைத் திரும்பவும் இனிதாக்கும்.

ஆண்டு முழுவதும் நிற்கும் பூச்செடிகள்

எக்காலத்திலும் முற்றத்தில் பூ வேண்டுவோர்க்குக் கீழ்க்கண்ட செடிகள் ஏற்றன.

நித்தியகல்யாணி:— பட்டிப்பூ என்றும், சுடுகாட்டுப்பூ என்றும் வழங்குவது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடி, நம் மணலில் விதை விழுந்த இடத்தில் முளைத்து ஆண்டு முழுவதும் பூக்கிறது. ரோஜா நிறமும் வெள்ளையுமான இதன் பூ, டயாந்தஸ் பூவின் இடத்தைப் பெரும்பாலும் நிரப்பும். பெயரைக் கொண்டு இதனை வீட்டில் வைக்கத் தயங்குவோர் உளர். இச்செடியினின்றே வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டு, 1960-ஆம் ஆண்டுகள் தொடங்கிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்பட்டு வருகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் முக்கிய மருந்துகளுள் ஒன்று. பல உயிர்களைக் காத்த செடியைச் சுடுகாட்டுக்கு மட்டும் உரியதாக ஒதுக்குதல் தகாது. ஆயினும் செடி நஞ்சுடையதாகையால் கைவைத்தியமாக உட்கொள்ளலாகாது. நீர் தேங்கும் இடத்தில் இதுவும் அழுகும்.

அரளி:— உப்பையும் வறட்சியையும் கடற்காற்றையும் பொறுப்பதில் இதற்கு இணை அரிது. மழைக்காலத்தில் ஒரு முழக் குச்சியை நட்டால் வேரூன்றும். பூசைக்கு உரிய பூ; வேலிக்கும் உதவும். இதன் எல்லாப் பாகமும் கொடிய விஷமாகையால், சிறு குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாட்டுத் தொட்டியருகிலும் வைக்கலாகாது. இதன் குச்சியை அடுப்பெரிக்கவும் கூடாது.

அடப்பங்கொடியும் தாழையும்:— கடலை நோக்கிய வெறும் மணலில் வேறெதுவும் நில்லாத இடத்தில் இவ்விரண்டும் நிற்கும். அடப்பங்கொடியின் ஊதாநிறப் பூ கண்ணுக்கு இனியது; அதன் கொடி மணல் பறக்காமல் பிடித்துக்கொள்ளும். தாழை காற்றைத் தடுத்து உள்ளே இருக்கும் தோட்டத்தைக் காக்கும்.

மல்லிகை:— உப்புநீரைப் பொறாதது. ஆகையால் குப்பங்களில் இதனைப் பயிரிட முயலாமல், திருப்பாலைவனம், பொன்னேரிப் பக்கத்து நன்னீர்க் கிணறுடைய நிலக்காரர்கள் மேற்கொள்வது நலம். குப்பங்களில் மாலைக்கும் தலைக்கும் வேண்டும் பூ வெளியிலிருந்தே வருவதால், அருகிலுள்ள நிலக்காரர்க்கு இது ஆதாயமும் தரக்கூடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

பள்ளித் தோட்டம், ஊராட்சிக் கட்டட முன்றில் முதலியவற்றிற்குப் பூச்செடி வாங்கும்போது, குளிர்காலச் செடிகளுக்கு ஒரு பங்கும், உப்பைப் பொறுக்கும் நிலையான செடிகளுக்கு மூன்று பங்குமாகப் பணத்தை ஒதுக்குவது நன்று. பூந்தோட்டத்தின் பொருட்டுப் பொது ஊற்றின் அருகே யந்திரம் வைத்து இறைப்பதை அனுமதித்தல் கூடாது. ஒரு தோட்டத்தின் பசுமைக்காக இறைத்த நீரால், நன்னீரின் கீழேயுள்ள உப்பு மேலெழுந்து, தெரு முழுவதற்கும் உரிய ஊற்று கெடுமாயின், எந்தப் பூவும் அதற்கு ஈடாகாது. பங்குனியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையுமாக ஊர்ப்பொது ஊற்றுகளின் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அவ்வெண்களை ஒரு புத்தகத்தில் தொடர்ந்து எழுதிவருவது, பூச்செடிக்கு மட்டுமன்றிக் குடிநீருக்கும் காவலாகும்.

முடிவுரை

டயாந்தஸ் செடியை வெறுக்கவேண்டியதில்லை. அதற்குரிய காலத்தை அறிந்து வரவேற்கவேண்டும். ஐப்பசியில் தாழ்வாரத்தில் விதைத்து, மார்கழியில் உயர்ந்த பாத்தியில் நட்டு, சுண்ணாம்பு சேர்க்காமல், உப்பு எருவைத் தவிர்த்து, நாளுக்கு ஒரு குட நீருக்கு மிகாமல் ஊற்றினால், தையும் மாசியும் முற்றம் நிறைந்து பூக்கும். பங்குனி கழிந்தபின் அதன் விதை புட்டியில் இருக்கட்டும். முற்றத்தில் நித்தியகல்யாணியும் அரளியும் நிற்கட்டும். ஊற்றின் நீர் குடிப்பதற்கு மிஞ்சட்டும். பழவேற்காட்டு மணலுக்கு ஏற்ற பூந்தோட்டம் இதுவே.